அலுமாரிச் சீப்பு

என் மரகதம், இஞ்சாரப்பா, கேட்கிறியா?

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நீ காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அழுதது போதும் என்று ஊரே சொல்லியும் நான் கேட்கவில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

நீ போன அடுத்த மாதம் சண்டை வந்து துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஊர்ச் சனங்கள் ஓட, உன் அக்காவும் நம் பார்வதியைக் கிளிவெட்டிக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டா. கப்பல்களுக்கு வடக்கயிறு பின்னுகிற என்னை வெள்ளைக்காரன் விடவில்லை. விட்டிருந்தாலும் போயிருப்பேனா? அலுமாரியில் உன் சீப்பு இருந்தது. அதில் உன் தலைமயிர் நாலைந்து சுற்றிக் கிடந்தது. அதைக் காவல் காப்பதே என் பிழைப்பாகிவிட்டது, போ.

போன மாதம் சனங்கள் திரும்பின, பிள்ளையும் வந்தாள். ஒன்பது வயது. தலைமயிர் உன் அடர்த்தி அப்படியே. அவளுடைய சீப்பு உடைந்தது; கடையில் சீப்புக்கும் பஞ்சம். ஒரு கிழமையில் தலை குருவிக்கூடு. நேற்று வந்த அக்கா பொரிந்து தள்ளினா.

“தாயில்லாத பொம்பிளைப் பிள்ளையை உங்களால வளர்க்க ஏலாது. நாளைக்கு வெள்ளன வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

அக்கா போனதும் பிள்ளை கேட்டாள்: “அப்பா, அம்மாட சீப்பு இருக்குதெல்லே?”

“அதைத் தொடக்கூடாது!” என்று கத்திவிட்டேன். அவள் தன் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. போனவளின் நாலு மயிருக்காக இருக்கிறவளை விடப் பார்த்தேனே, மடையன்!

சீப்பை எடுத்தேன். எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, இழுத்துப் பின்னினேன்.

“ஐயோ அப்பா, இது தலை, கப்பல் கயிறில்லை!”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவிழ்த்து மெதுவாகப் பின்னினேன்.

இன்று காலை அக்கா வந்து பின்னலைத் தூக்கிப் பார்த்தா.

“ஆர் பின்னினது?”

“அப்பா.”

அக்கா கதிரையில் உட்கார்ந்து அழுதா. “தேத்தண்ணி வை பிள்ளை, குடிச்சிட்டு நான் மட்டும் போறன்” என்றா.

உன் மயிர் எங்கே என்று கேட்பாய். எறிய மனம் வரவில்லையடி. அவளுடைய பின்னலுக்குள்ளேயே சேர்த்துப் பின்னிவிட்டேன். நாளைக்கு அவிழ்க்கும்போது உதிர்ந்துவிடும். உதிரட்டும்.

சீப்பை விட்டுப்போனாய், பிள்ளையைத் தந்துவிட்டுப் போனாய். உனக்குப் புண்ணியமாகப் போகும். அவள் போதும் என்கிற நாள்வரை நான்தான் பின்னுவேன். இறுக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
பார்வதியின் அப்பா