மதகை முட்டிய மடவைகள்

நெய்வேலி,
4-12-1980

அன்புள்ள தமயந்திக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு இருமல் நின்றதா? பனியில் அவளைக் கரைக்கு அழைத்துப் போகாதே.

என்ன வேலை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். கடலே வேண்டாமென்று வந்தவன், மீன் வேலைதான் பார்க்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. மைன்ஸ் தண்ணீர் தேங்கும் ஏரியில் கடல் மீன் வளர்த்துப் பார்க்கிறார்கள். முகத்துவாரத்தில் பிடித்து வந்த மடவைக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, தினம் கொஞ்சம் உப்புத் தண்ணீரை இறைத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் பாதி செத்து மிதந்தது. மிச்சம் பிழைத்து, ஏரியில் விட்டபின் இரண்டு வருஷத்தில் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது. ஆபீசருக்குச் சந்தோஷம். என்னைப் பர்மனென்ட் ஆக்க எழுதுவதாகச் சொன்னார்.

ஐப்பசி மழையில் தொல்லை ஆரம்பித்தது. மீனெல்லாம் சினையோடு மதகுப் பக்கம் வந்து முட்டின. இந்தத் தண்ணீரில் அவை முட்டை விடாது. கடலுக்குத்தான் போக வேண்டும். வலையைத் தாண்டத் துள்ளி, தினம் இருபது முப்பது கரையில் விழுந்து செத்தன. ஆபீசர் வலையை உயர்த்தச் சொன்னார். நானே கட்டினேன். அன்றைக்கு முழுக்க அவை மதகுப் பலகையில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கடலில் படகு கவிழ்ந்த அன்று தம்பியின் உயிர் உடனே போய்விடவில்லை. அடியில் சிக்கிக்கொண்டு பலகையைத் தட்டினான், தமயந்தி. நான் கவிழ்ந்த படகின் மேலே கிடந்தேன். என்னால் புரட்ட முடியவில்லை. பிறகு தட்டவில்லை.

வலை கட்டிய மறுநாள் காலை அதை அறுத்து, மதகுப் பலகையைத் தூக்கிவிட்டேன். அந்த வாய்க்கால் பெருமாள் ஏரிக்குப் போய், அங்கிருந்து கடலூர்க் கடலில் சேரும் என்கிறார்கள். எத்தனை போய்ச் சேர்ந்தனவோ. ஆபீசர் கேட்டதும், நான்தான் என்றேன். அன்றோடு வேலை போயிற்று. "கைக்கு வந்த வேலைய இப்படிக் கெடுத்துக்கினியேண்ணே" என்று வாட்ச்மேன் தங்கராசு அழாத குறை.

வீட்டுக்குத்தான் கிளம்பினேன். குறிஞ்சிப்பாடியில் கடலூர் பஸ் மூன்று வந்து போயின. ஏற முடியவில்லை. தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று அம்மா கேட்பாள். திரும்பி வந்து தங்கராசுவின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். இருபத்தொன்றாம் பிளாக்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருநாள் காலை வண்டியில் நீ வா. வந்து ஒன்றும் கேட்க வேண்டாம். கையைப் பிடித்து என்னைப் பஸ்ஸில் ஏற்றினால் போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சிங்காரவேல்