கோர்ட்டுக் காகிதத்தில் உன் பெயர்

தம்பிக்கு,

பதினோரு வருடமாக நீ என்னோடு பேசவில்லை. கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

நம் தீவில் இப்போது கஞ்சா சட்டப்படியான பயிர். அன்று நம்மை மலையெல்லாம் துரத்திய போலீஸ் கார்ப்பரல், வெளிநாட்டுக் கம்பெனியின் கஞ்சாத் தோட்டத்துக்குக் காவல் நிற்கிறான். என்னைக் கண்டால் சல்யூட் அடிக்கிறான்.

நானும் உரிமம் கேட்கப் போனேன், கல்யாணக் கோட்டில் வயிற்றைத் திணித்துக்கொண்டு. அந்தக் காலத்தில் திருட்டுத்தனமாகக் கஞ்சா வைத்த மலை விவசாயிகளுக்குத்தான் முன்னுரிமையாம். உரிமம் இல்லாவிட்டால் நாம் பயிர் வைத்த மலைச்சரிவையும் கம்பெனிக்கே கொடுத்துவிடுவார்கள்.

"இருபது வருஷமா பயிர் வெக்கிறேன், மிஸ்," என்றேன்.

"அத்தாட்சி இருக்கா, அங்கிள்?" என்றாள் அதிகாரி ஒலிவியேர்.

"ஒரு தடவகூடப் போலீஸ்ல மாட்டினதில்ல."

"அப்ப நீங்க பயிர் வெச்சதுக்கு சாட்சியே இல்லியே. தண்டனை வாங்கின கோர்ட்டுக் காகிதம் இருந்தா கொண்டாங்க, உடனே தர்றோம்."

"கெட்டிக்காரனா இருந்ததுக்கு அனுபவிடா," என்றான் வரிசையில் பின்னால் நின்ற டெஸ்மண்ட். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நம் வீட்டில் உள்ள ஒரே கோர்ட்டுக் காகிதம் உன்னுடையது. நீ நான்கு வருடம் உள்ளே இருந்ததற்குக் காரணமான செடிகள் என்னுடையவை என்பது உனக்கும் தெரியும். போலீசுக்கு உன்னைக் காட்டியது யாரென்று மட்டும் நீ கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பத்தில் பயிரிட்டவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்திட்டால் சரிவு உன்னுடையது. நான் உனக்குக் கூலியாள்.

அந்தச் செடிகளுக்கு உன் பெயரை எழுதிக்கொடுப்பது எனக்கு இது இரண்டாம் முறை. முதல் முறை போலீஸ் ஸ்டேஷனில்.

உன் அண்ணன்