போன் பூட்டின் நான்கு நம்பர்

மகளுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

நம் வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. வெளியூர் பேசுவதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். நான்கு நம்பர் தட்டினால்தான் திறக்கும். அக்கம்பக்கத்தார் வந்து போகிற வீடாயிற்றே, அந்த நம்பரை எங்கே எழுதி வைப்பது என்று நேற்று பேச்சு வந்தது. காலண்டருக்குப் பின்னால் எழுதலாம் என்றாள் உன் அண்ணி. உன் அண்ணன் சிரித்தான்.

"எங்கேயும் எழுதவே பேடா, வேணாம். அம்மா தலையில போட்டு வெச்சா எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது. ஒண்ணு, எட்டு, பூஜ்யம், ஒம்பது."

செப்டம்பர் பதினெட்டு. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நீ அவனோடு ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஏறின நாள். பதினோரு வருஷமாக நான் மறக்காத நாள். உன் அண்ணனைக் கேட்டேன்.

"வேற நாளே கெடைக்கலையாடா? அவ பொறந்த நாளை வெச்சா ஆகாதா?"

"அது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

வாயைத் திறந்தேன். தேதி வரவில்லை.

உன் கல்யாணத்துக்குத் திருட்டுத்தனமாய்ப் போய்விட்டு வந்து, என் முகத்துக்கு நேரே உன் புடவையைப் புகழ்ந்தவள் யார், புடவை என்ன கலர், எல்லாம் இருக்கிறது. உன்னைப் பெற்ற தேதி இல்லை. ஆனி மாசம், நல்ல மழை, ஜட்கா வண்டியில் வலியோடு போனேன். அதோடு நின்றுவிடுகிறது. நேற்றிலிருந்து தேடுகிறேன்.

அண்ணனைக் கேட்டால் சொல்வான். அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. நம்பரை மாற்றச் சொல்கிறேன்.

உன்னைப் பெற்றவள்