சவப்பெட்டியில் சிரிக்காதவர்

உசுமசா, கியோத்தோ
ஷோவா 31 (1956), ஆறாம் மாதம் 19

அன்பு மகள் கிகுயோவுக்கு,

பிரேசில் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துப் பதினோரு நாள் ஆகிறது, மற்றபடி சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன்னிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இருபத்தெட்டு வருடமாக உன் அப்பா படத்தில் வெட்டுப்பட்டுச் சாகிறார், கதாநாயகன் வாளை வீசினால் முகம்கூடத் தெரியாமல் சாய வேண்டும், அவ்வளவுதான். இப்போது எடுக்கிற படத்தில்தான் முதன்முறையாகப் பெயருள்ள ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார்கள். இறந்துபோன எஜமானின் மனைவி மேல் உள்ள ஆசையை வாய்திறந்து சொல்லாத வயதான காவல்காரர், அவள் தப்பிப் போகும்வரை கோயில் படிக்கட்டில் தனியாக நின்று வழிமறித்து, வெட்டுப்பட்டு நாற்பது படி உருண்டு விழ வேண்டும். கல் படி, மழையில் பாசி வேறு. இவருக்கோ அறுபத்தொன்று. போன குளிரில் இடுப்புப் பிடித்து மூன்று வாரம் எழுந்திருக்காமல் கிடந்தார், உனக்கு எழுதக் கூடாது என்று தடுத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? ஸ்டூடியோ வாசலில் சோற்று உருண்டை விற்று ஆரம்பித்தவள், இன்று மூன்று ஸ்டூடியோக்களுக்கு என் வைக்கோல் செருப்புதான் போகிறது. டைரக்டர் மொரிசேயிடம் போய், உருளுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் உங்கள் படை வெறுங்காலோடு சண்டை போடட்டும் என்றேன். அவரும் அந்த வேஷத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டு, உன் அப்பாவைப் பெயரில்லாத பிணமாகச் சவப்பெட்டியில் படுக்க வைத்தார். இதைவிடப் பத்திரமான வேலை உண்டா என்று நானும் நிம்மதியாக இருந்தேன், அதுதான் நான் செய்த பிழை. சவப்பெட்டியில் படுத்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் படம் பிடித்தால்தான் சாவு ஆளை விட்டுப் போகும், உனக்குத் தெரியாததா. கேமராக்காரர் ஒகிதா காத்திருந்து, சிரிங்கண்ணே, பிலிம் ஓடுது என்றாராம். "சிரிப்பு வரல ஒகிதா. இது பொண்டாட்டி கேட்டு வாங்கிக் குடுத்த சாவு" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் நான் பரிமாறியதைத் தின்றுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "தொமி, ஆயிரம் தடவ செத்திருக்கேன். ஒரு தடவகூட அவமானமா இருந்ததில்ல. அன்னைக்கி இருந்துச்சு" என்றார். அன்றே மொரிசேயிடம் போய்த் தலை தரையில் படக் குனிந்து வேஷத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த இளைஞன் அரிசி மூட்டை மாதிரி விழுகிறான், நீங்கள் வராவிட்டாலும் நானே ஆள் அனுப்பியிருப்பேன் என்றார். நாளை காலை படப்பிடிப்பு.

வேஷம் வந்துவிட்டது, சிரிப்புதான் வரவில்லை. நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் காலையில் எழுந்ததும் வைக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வழுக்காமல் இருக்க நீ விட்டுப்போன சிவப்பு இடுப்புக்கச்சையைக் கிழித்து, வைக்கோலோடு முறுக்கி, அவருக்கு நானே ஒரு ஜோடி செருப்புப் பின்னினேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கெழட்டுக் காவக்காரன் காலுக்குக் கல்யாணப் பொண்ணு செருப்பா?" என்றார். "கறுப்பு வெள்ளப் படத்துல யாருக்குத் தெரியப்போவுது, போட்டுக்குங்க" என்றேன். வாயோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அங்கே கேமராவும் இல்லை. நாளை அவர் விழுந்த பிறகும், எழுந்து சிரிக்கும்வரை கேமராவை நிறுத்தக் கூடாது என்று ஒகிதாவிடம் சொல்லியிருக்கிறேன். டைரக்டர் திட்டினாலும் நிறுத்தமாட்டேன் அக்கா என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் பக்கத்தில் நிற்பேன்.

குழந்தைக்குக் காதை மூடித் துணி கட்டு, மாப்பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று நீ நினைத்தாலும், அவரைக் கேட்காமல் அவருக்காக எதையும் முடிவு செய்யாதே. நீங்கள் மூவரும் நிறைந்து வாழ வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருக்கும். இதற்கு முன்னால் தந்தி எதுவும் வந்திருக்காவிட்டால், அப்பா சிரித்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

உன் அம்மா
தொமி