சி பிளாக்கில் புகை குறைந்த விவரம்

அனுப்புநர்:
நல்லம்மாள் க/பெ சீனி,
சி-2-7, தாமான் கெனாங்கா அடுக்குமாடி,
ஈப்போ, பேராக்.

பெறுநர்:
திரு. வள்ளியப்பன் அவர்கள்,
உதவி நிர்வாகி,
தாமான் கெனாங்கா வீடமைப்பு அலுவலகம்,
ஈப்போ.

பொருள்: சி பிளாக் பின்புறம் உள்ள எருக்குழியையும் காய்கறிக் கொல்லையையும் அகற்றிக் கார் நிறுத்துமிடம் போடும் உத்தரவை நிறுத்தி வைத்து, நேரில் வந்து பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று மூன்றாம் மாடி மங்களம் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். இது குறை சொல்லும் மனுதான். ஆனாலும் எங்கள் பிளாக்கின் செய்தியை ஓர் அதிகாரிக்கு எழுதக் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

1. முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கிடக்கும் மண் லயத்துக்காரருக்குத்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. டவுனிலும் அப்படித்தான் என்று நினைத்து, குடிவந்த மறுவாரமே மண்வெட்டியை எடுத்துவிட்டேன். அது அலுவலகத்து நிலம் என்பது தங்கள் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

2. அந்த இடம் அப்போது எப்படி இருந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே குப்பையைக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு எல்லாம் எரியும். கொடியில் காயும் துணியிலும் அந்த நாற்றம்தான். ஐயா, நான் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவள். புகையைப் பற்றி எனக்குத் தெரியும். மேலே போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது. ஷீட்டில் உட்காரும், இல்லையென்றால் நெஞ்சில் உட்காரும். ஆகையால் கொளுத்துகிற இடத்திலேயே குழி வெட்டினேன். காய்த்தோல், மீன்செதில், சோற்றுக் கஞ்சி எல்லாம் குழிக்கு, மேலே ஒரு கூடை மண். ஆறு மாதத்தில் அது கறுப்பு எருவானது. இன்றைக்கு வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, பாகல் எல்லாம் அங்கே விளைகிறது! ஒரு கட்டுக் கீரைக்காக மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பாசாருக்குப் போகிறவர் எங்கள் பிளாக்கில் இப்போது இல்லை. பிளாஸ்டிக், செருப்பெல்லாம் குப்பை லாரிக்குப் போவதால் குப்பை கொளுத்துவதும் அடியோடு நின்றுவிட்டது.

3. அடுத்தது பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலை ஆள் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்தக் காடு என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான். வாளியோடு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் குழிக்கு ஒரே தடவையில் மண் போட்டு மூடலாம் என்று எண்ணி, ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, காலை ஆறரைக்குத் தட்டினேன். என்னைப் போல் தோட்டத்திலிருந்து குடிவந்த சனங்கள் வாளியோடு இறங்கி வந்தார்கள். மற்றவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான்காம் மாடிச் சீன அம்மா தொலைக்காட்சிப் பெட்டியோடு இறங்கிவிட்டார்! அதை மேலே தூக்கி வைக்க ஆறு பேர் போனார்கள். போகும்போது பேசியதில்தான், அந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு மெங்லெம்பு பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலை என்பது தெரிந்தது. நான்கு மோட்டார் சைக்கிளில் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்!

4. அன்று முதல் தண்டவாளத்தை மெதுவாகத்தான் தட்டுகிறேன். வாளியைக் கொட்டியதும், “மெங்லெம்பு யாரு? பெரிய ஆஸ்பத்திரி யாரு? பாசார் யாரு?” என்று பெரட்டு கூப்பிடுகிறேன். ஒரே வழிக்காரர் சேர்ந்து போகிறார்கள். முன்பு காலையில் பத்தொன்பது மோட்டார் சைக்கிள் உறுமிப் புகை கக்கும். இப்போது எட்டுதான். நானே எண்ணினேன். “பெரியம்மா, தோட்டத்தை விட்டு வந்தும் கங்காணி புத்தி போகலையேலா!” என்று மங்களம் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளும் தினமும் வாளியோடு வந்து நிற்கிறாள்.

5. இப்படி இருக்கையில், ‘குப்பைமேடு’ என்று புகார் வந்ததாகத் தங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர் சென்ற மாதம் வந்தார். கொல்லையை மூன்று சுற்று சுற்றிவிட்டு, “பாட்டி, குப்பைமேடு எங்க இருக்கு?” என்று கேட்டார். “நீங்க நிக்கிற இடந்தான் ஐயா” என்றேன். துள்ளிக் குதித்துச் சப்பாத்தைக் கழற்றி மோந்து பார்த்தார். “மண் வாசந்தான் வருது” என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் கோப்பில் குப்பைமேடு என்று இருப்பதால் அப்படியே எழுதிக்கொண்டு போனார். நல்ல பிள்ளை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

6. புகார் கொடுத்தவர் கீழ்வீட்டு ஜெயபாலன். புதிதாகக் கார் வாங்கினார். நிறுத்த இடம் கேட்டு எழுதியவர், கூடவே குப்பை என்றும் எழுதிவிட்டார். நோட்டீஸைப் பார்த்ததும் அவரே என் வாசலில் வந்து நின்றார். “பெரியம்மா, என் ஒரு காருக்குத்தான் இடம் கேட்டேன்லா. கொல்லையவே எடுப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?” என்றார். இப்போது அந்தக் காரில் மெங்லெம்புக்கு ஐந்து பேர் போகிறார்கள். சாலையோர மரத்தடியில் அது நிழலிலேயே நிற்கிறது. இத்துடன் உள்ள கையெழுத்துகளில் முதலாவது அவருடையது.

7. எங்கள் பிளாக்கில் இருப்பது மூன்று கார். தாங்கள் போடப்போவது பன்னிரண்டு காருக்கு இடம். கொட்டகை கட்டினால் மாடு வரும் ஐயா. இடம் போட்டால் கார் வரும், புகையும் பின்னாலேயே வரும்.

ஆகவே, இம்மாதம் 30ஆம் தேதி மண்தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன், வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தாங்கள் எங்கள் பெரட்டுக்கு வர வேண்டுகிறேன். ஒரு கைக்குட்டை கொண்டு வாருங்கள். குழியருகே நிற்கும்போது அது தங்கள் மூக்குக்குப் போனால், இயந்திரம் வேண்டாம், அன்றைக்கே என் கையால் குழியை மூடிவிடுகிறேன். போகவில்லை என்றால் உத்தரவை ரத்து செய்து, அந்த மண்ணை எங்கள் பிளாக்குக்கு எழுத்தில் கொடுங்கள். அதே கைக்குட்டையில் வெண்டைக்காய் முடிந்து தருகிறேன். இதைக் கைக்கூலி என்று எண்ண வேண்டாம். பெரட்டுக்கு வருகிற யாரையும் நாங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்து வாளியோடு நிற்கும்,
நல்லம்மாள்
(கைநாட்டு அல்ல, என் கையெழுத்து)

இடம்: ஈப்போ
தேதி: 9-6-1986

இணைப்பு: சி பிளாக் குடியிருப்பாளர் கையெழுத்துகள், 51.