வலிக்காத கால்

என் பாசத்துக்குரிய மாப்ள முருகையா,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கமெல்லாம் நாற்று விட்டாச்சு. நீ இருந்தால், "நமக்கென்னடா, வரப்புலயா நடக்கப் போறோம்?" என்று சிரித்திருப்பாய். நான் தென்னையிலிருந்தும் நீ வைக்கோல் லாரியிலிருந்தும் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது அந்தச் சிரிப்புதான் எனக்குத் தெம்பு.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடம் அடிபட்டால், பாரம் தாங்காத கால் எலும்பு உள்ளுக்குள்ளேயே கரையும் என்று உனக்குச் சொன்னதைத்தான் டாக்டர் எனக்கும் சொன்னார். உடம்பில் பெருகும் ஒருவகை நச்சும் சேர்ந்துகொண்டு அதை அரிக்கிறதாம். அந்த நச்சை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருட்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். "நம்பிக்கையாத்தான் இருக்கு. ஆனா மனுஷங்களுக்கு மருந்தா வர நாளாகும். அதுவரைக்கும் நான் குடுத்த மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார்.

என் மனைவி வசந்தாவின் காதில் ஏறியது முதல் பாதி மட்டும். "நெல்லிக்காயில இல்லாத ஆன்டிஆக்ஸிடன்டா? இந்த மாத்திரை ஒரே சூடுங்க" என்று அதை நிறுத்திவிட்டாள். காலையும் மாலையும் நெல்லிச் சாறுதான். அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை! என்ன செய்யட்டும், சொல்? குடித்தேன்.

இன்று மகளுக்கு வளைகாப்பு. வசந்தாவின் அண்ணன்மார் என்னைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தபோது தொடைக்குள் மடக்கென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் அலறியதில் யாருக்கும் கேட்கவில்லை. வலியில்லை, நமக்கு எங்கே வலிக்கும்? ஆனால் தலை வியர்த்துக் கொட்டுகிறது, மண்டை இடிக்கிறது. வேட்டிக்குள் கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. பயமாக இருக்கிறதடா.

உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? உன் தங்கச்சி கல்யாணம் கெட்டுவிடக் கூடாதென்று நீ மூச்சே விடவில்லை. எலும்பு முறிந்தது தெரியாமல், காலில் நீர் கோத்திருக்கிறதென்று உன் அம்மா எண்ணெய் போட்டு அழுத்தி உருவினார்கள். அப்புறம் காய்ச்சல். அப்புறம் நீ இல்லை. ஏன்டா சொல்லவில்லை, பாவி? உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வசந்தா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். "என்னங்க, கால் வீங்கியிருக்கு. லேசா உருவி விடறேன்" என்கிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன் மாப்ள, "காலைத் தொடாத, ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று பந்தலே திரும்பிப் பார்க்கக் கத்தப்போகிறேன். வளைகாப்பு நின்றால் நிற்கட்டும். பிறக்கப்போகிற பிள்ளையை நான் பார்க்க வேண்டும்.

உன் பின்னால் இப்போது வர மறுக்கும்
உன் மாமன்,
தங்கராசு