டிரெஸ்டனில் ஒரு ராத்திரி

தென்காசி
ஜூன் 10

அன்புள்ள யோகாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் வராமல் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீயும் மத்தியாஸும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ பேசி ஆறு வாரம் ஆகிறது, அதனால் நினைத்துக்கொள்ளத்தான் முடியும். போனை விட்டுவிட்டுக் காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் என்று பார்ப்பாய். அப்பா எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறார், நான் பேசினால் காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு விழும், பதில் வராது, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பு இல்லை. இந்தக் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது என்று பத்து நாளாவது நம்பிக்கொண்டிருக்கலாம்.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே கிளம்பிப் போகிறது, அப்பா மட்டும் இந்த வருஷம் ஒரு நாள்கூடப் போகவில்லை. உன் ராமலட்சுமி அத்தை தினமும் வாசலில் நின்று "மக ஊருக்கு என்னைக்குப் பொறப்படுதீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் முட்டு வலிக்குது, டாக்டர் பிளேன் ஏற வேண்டாம்னு சொல்லிட்டாரு என்று சொல்லிவிட்டார். அவர் முட்டுக்கு ஒன்றும் இல்லை. காலையில் ரத வீதி நாலையும் சுற்றிவிட்டு வருகிறார். அறுபத்தாறு வயதில் அக்காவிடம் பொய் சொல்ல வைத்தாய் அவரை.

நீ தை மாசம் அந்தப் பட்டியலை அனுப்பினாயே, பெர்லின் மூன்று நாள், பிராக் மூன்று நாள், வியன்னா நாலு நாள் என்று, எந்த ஊரில் எந்த வேளைக்கு எந்தக் கடையில் பால் தயிர்கூடச் சேராத வீகன் சாப்பாடு, காப்பியில் ஓட்ஸ் பால், எந்தக் கடையில் வெண்ணெய் சேராத கேக், ஓட்டலில் இருந்து கடைக்கு நடந்தால் எத்தனை நிமிஷம் என்பது வரை. அப்பா அதைக் கடையில் கொடுத்துக் கலரில் பிரிண்ட் எடுத்துவந்தார். முப்பத்தொரு வருஷம் கடையநல்லூரில் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் ஆறுகளைப் போர்டில் வரைந்து காட்டியவர், ஒரு ஆற்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று மாசம் அந்தத் தாள்தான் அவருக்குப் பேப்பர், புஸ்தகம் எல்லாம். பழைய அட்லஸை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நீ குறித்திருந்த ஒவ்வொரு கடையும் ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்துவார். எனக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. பட்டியல் வந்த மறுநாள் அவர் பால் காப்பியை நிறுத்திவிட்டார். தயிர், மோர், நெய், எல்லாவற்றையும். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கன போயி புள்ளைக்கு முன்னால தயிரு கேட்டு நிக்கக் கூடாதுல்லா, இப்பவே பழகிக்கிடுதேன்" என்றார். தயிர் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். முதல் பத்து நாள் அரை வயிறுதான். வெறும் காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிறகு நான் சொதி வைத்தேன், நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டினேன், புளியோதரை கட்டினேன். ஒரு நாள் சொதியைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "உமா, இது தேங்காப்பாலுதான, இதுவும் வீகன்தான, யோகா வீட்டு அடுப்புல இத வச்சுக் குடு" என்றார். நான் அன்றைக்கே பட்டியலை முழுதாகப் பார்த்துவிட்டேன். பத்து ராத்திரிக்கும் ஓட்டல் பேர்தான் இருந்தது, உன் வீடு அதில் இல்லை. நான் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்காமல் போகட்டும் என்று இருந்தேன்.

விசாவுக்குக் கைரேகை வைக்கப் பொதிகை ரயிலில் மெட்ராஸ் போனபோதுதான் கண்டுபிடித்தார். எந்த ராத்திரி எங்கே தங்குகிறோம் என்று பாரத்தில் எழுத வேண்டி இருந்தது. எழுதிக்கொண்டே வந்தவர் நாலாம் நாளில் நின்றார். பெர்லினில் இருந்து நாம் மூன்று பேரும் ஒரே ரயிலில் ஏறுகிறோம், டிரெஸ்டன் வந்ததும் நீ வேலைக்காக இறங்கிவிடுகிறாய், நாங்கள் அதே ரயிலில் பிராக் போய்விடுகிறோம், வியன்னாவுக்கு நீ பிறகு வருகிறாய். அதுதானே நீ எழுதி இருந்தது. உன் ஊர் ஸ்டேஷனில் நீ இறங்குவாய், நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "எழுதும்போது விட்டுப்போயிருக்கும், அவளுக்கு ஆபீஸ்ல வேல சாஸ்தி" என்றார்.

திரும்பி வந்து உனக்குப் போன் போட்டாரே, அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, டிரெஸ்டன்ல ஒரு ராத்திரி எறங்கிக்கிடுதோமே, உன் வீட்ட ஒரு எட்டு பாத்துக்கிடுதோம்" என்றார். நீ வீடு சின்னது என்றாய். தரையில் படுத்துக்கொள்கிறோம் என்றார். அடுப்படியில் பால் சாமான் எதுவும் வருவது மத்தியாஸுக்குப் பிடிக்காது என்றாய். "நான் பாலைத் தொட்டே மூணு மாசம் ஆச்சுட்டி" என்று சிரித்தார். அவர் அதை உனக்கு அங்கே வந்து சொல்ல வைத்திருந்தார், அவசரத்தில் அன்றைக்கே சொல்லிவிட்டார்.  அதற்கு நீ சொன்னாயே, "நீங்க மத்தியாஸுக்கு நல்ல லாட்ஜா பாத்துக் குடுத்தீங்கல்லாப்பா, நானும் உங்களுக்கு நல்ல ஓட்டலாத்தான் பாத்திருக்கேன்" என்று.

அப்பா போனை வைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி இருக்கலாம். மூன்று வருஷம் முன்னால் சாரலுக்கு நீ மத்தியாஸைக் கூட்டிவந்தபோது, குற்றாலத்தில் லாட்ஜ் பார்த்து ஒன்பது நாள் அவனை அங்கே தங்க வைத்தது நான். நீ தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாய், எனக்கு அது கண் முன்னால்தான் இருக்கிறது. "வீட்டுலயே இருக்கட்டுமே, உமா, மாடி சும்மாதான கெடக்கு" என்று அப்பா சொன்னார். "கல்யாணம் ஆகாத பையன எதுக்கு வீட்டுல வச்சிருக்கன்னு உங்க அக்கா நாளைக்கு வாசல்ல நின்னு கேட்பாங்க, நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்று கேட்டு நான்தான் அவர் வாயை அடைத்தேன். உன்னிடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம் என்று சொன்னதும் நான்தான். நீ இத்தனை நாள் அதை மனசில் வைத்திருந்து, கணக்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய், யாருக்கு என்று மட்டும் பார்க்கவில்லை. என்னை ஓட்டலில் போடு, தெருவில் நிறுத்து, நான் கேட்க மாட்டேன். அவரை எதற்கு? மாட்டுக்கு வலிக்கும் என்று பாலை விட்டவள் நீ. அப்பாவுக்கு வலிக்குமா என்று யோசிக்க உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் பயணம் வேண்டாம் என்றார். பட்டியலை மடித்து அட்லஸுக்குள் வைத்தார். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடு என்று என்னிடம் சொன்னார். பயணம் இல்லையே, இனி காப்பியில் பால் விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாற்பது நாள் ஆகிறது, இன்னும் வெறும் காப்பிதான். கோபமா, நேர்த்திக்கடனா, எனக்கே புரியவில்லை. தட்டில் தயிரை வைத்தால் கையால் நகர்த்தி வைக்கிறார்.

இப்போது நான் எதற்காக எழுதினேனோ அதைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அந்த லாட்ஜ் விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும், அதை அந்தப் பையன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், கடிதத்தில் சொன்னால் அது சும்மா. நான் என் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணினேன். அப்பா டிக்கெட் அப்படியே இருக்கிறது, அவருக்குத் தெரியாது. அடுத்த மாசம் பதினாறாம் தேதி, திருவனந்தபுரத்தில் இருந்து. பெர்லினில் நீ கூப்பிட்டுக்கொள். வியன்னாவும் பிராக்கும் உன் இஷ்டம், எந்தக் கடையில் வேண்டுமானாலும் சாப்பிட வை, அவர் எதையும் மறுக்க மாட்டார். டிரெஸ்டனில் நீ இறங்கும்போது அவர் பெட்டியையும் நீ இறக்க வேண்டும். ஒரு ராத்திரி போதும். உன் வீட்டுச் சுவருக்குள் படுத்து எழுந்தேன் என்று அவர் இங்கே வந்து சொல்லட்டும். நான் வரவில்லை, கேட்கவும் மாட்டேன். அது முடியாது என்றால் இந்த மாசம் முடிவதற்குள் எனக்கு ஒரு வரி அனுப்பு, அந்த டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிவிடுகிறேன், அவருக்கு எதுவும் தெரியவே வேண்டாம். முடியும் என்றால் என்னிடம் சொல்லாதே. நேரே அவரைக் கூப்பிட்டு, வாங்கப்பா என்று நீயே சொல். அம்மா எழுதினாள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

காசி விசுவநாதர் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், நல்லா இருங்கள். மத்தியாஸிடம் நான் கேட்டதாகச் சொல். அந்த பி-12 மாத்திரையை மறக்காமல் போடு என்று உனக்கு ஞாபகப்படுத்தச் சொல்லி அப்பா போன வாரமும் சொன்னார், இந்த வாரமும் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. உமாதேவி